வராத நண்பனின் இடம்

ஓகஸ்ட் மாத விடுமுறையில் யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானங்களில் நெஞ்சை நெகிழ வைக்கும் காட்சி ஒன்றைக் காணலாம். நரைத்த தலையும் பருத்த வயிறுமாக, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அரைக்காற்சட்டை அணிந்து பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் ஓடியபின் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார்கள். ஊரில் பெரிய மனிதராக மதிக்கப்படுபவரையும் பள்ளிக்காலப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பார்கள். ஒரே வகுப்பில் பயின்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி விளையாடும் உதைபந்தாட்டம் அது.

மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ துடுப்பாட்டம் 1904ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை நாடே அறியும். பழைய நண்பர்களின் இந்த ஆட்டத்துக்கோ அத்தகைய புகழ் இல்லை. ஆயினும், உதைபந்தாட்டம் நம் கத்தோலிக்க ஊர்களின் இரத்தத்தில் ஊறியது. 1850இல் வித்திடப்பட்ட புனித பத்திரிசியார் கல்லூரியும், 1907இல் தோன்றிய இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் எத்தனையோ வீரர்களை உருவாக்கின. நாவாந்துறை சென்மேரிஸ், இளவாலை யங்ஹென்றிஸ் என்று நம் கழகங்களும் புனிதர்களின் பெயர்களையே சூடிக்கொண்டன.

இந்த நண்பர்களை ஒன்றுசேரவிடாமல் பிரித்தது போர். 1983இன் பின்னர் பலர் கடல் கடந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினர். 2002இல் ஏ9 வீதி திறந்தது; 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் ஓய்ந்த பின்னரே, இலண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வருபவர்கள் அச்சமின்றி மைதானத்தில் கால் வைக்க முடிந்தது.

ஆனால் அணி நிறையவில்லை. சிலர் சேமக்காலையில் துயில்கின்றனர். சிலரைப் பற்றிய செய்தியே இல்லை. அவர்களுடைய அன்னையர் இன்றும் வாசலைப் பார்த்திருக்கின்றனர். இவர்களோடு, நாம் எண்ணிப் பார்க்காத வேறு சிலரும் உளர். அவர்கள் இதே ஊரில், கூப்பிடு தூரத்தில் வாழ்கிறார்கள், ஆயினும் வருவதில்லை. ஒருவர் எறிகணையில் காலை இழந்தவர். மற்றவர் கடற்றொழிலில் கடன்பட்டு, விருந்துக்கான பங்குப்பணம் கொடுக்க இயலாதவர். இன்னொருவர் மதுவுக்கு அடிமையாகி நண்பர்களின் முகம் பார்க்கக் கூசுபவர். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் புதிய காலணியைக் கண்டதும், வெறுங்காலோடு அவருக்கு ஈடாக விளையாடியவர் வேலியோரம் ஒதுங்கிவிடுகிறார்.

போர் பிரித்த பள்ளி நண்பர்களின் கதை நமக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டின் வாடோவிட்சே என்ற சிற்றூரில் கத்தோலிக்கச் சிறுவர்களும் யூதச் சிறுவர்களும் அணி பிரிந்து உதைபந்தாடுவது வழக்கம். யூத அணியின் கோல்காப்பாளர் வராத நாள்களில், அந்த வெற்றிடத்தில் ஒரு கத்தோலிக்கச் சிறுவன் போய் நிற்பான். அவன் பெயர் கரோல் வொய்த்தில்லா. அவனுடைய வகுப்புத் தோழன் யெர்சி குளூகர் ஒரு யூதன். உலகப் போர் இருவரையும் பிரித்தது. குளூகரின் தாயும் தங்கையும் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டனர். 1965இல் உரோமையில் வாழ்ந்த குளூகர், பத்திரிகையில் பழைய நண்பனின் பெயரைக் கண்டு தம் தொலைபேசி எண்ணை விட்டுச் சென்றார். அப்போது கிராக்கோவ் பேராயராக இருந்த வொய்த்தில்லா தாமே அவரை அழைத்தார். பதவியும் சமயமும் அந்த நட்புக்குக் குறுக்கே நிற்கவில்லை. 1978இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக அவர் உயர்ந்தபோதும், 2005இல் இறைவனடி சேரும்வரை அந்த நட்பு நிலைத்திருந்தது.

உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றிய முதல் மாலையில் தோமையார் அங்கே இல்லை. அவர் வராததற்காக மற்றவர்கள் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. தாங்கள் கண்டதை அவரிடம் சொன்னார்கள். எட்டு நாள்களின் பின்னர் அவரும் அவர்களோடு இருந்தார். வராதிருந்த அந்த ஒருவருக்காகவே ஆண்டவர் மீண்டும் வந்து, தம் காயங்களைக் காட்டினார். காயம்பட்டவன் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்பார்ந்தவர்களே, இவ்வாண்டும் நீங்கள் கூடுவீர்கள். ஆட்டத்துக்கு முந்திய நாள் அந்த ஒருவரின் படலையைத் தட்டுங்கள். பணம் கேட்காதீர்கள், கடந்ததைக் கிளறாதீர்கள். ஓட முடியாதவர் நடுவராக நின்று விசில் ஊதட்டும். திருப்பலியில் மரித்த நண்பர்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுடைய பெற்றோரை ஒருமுறை சென்று பாருங்கள். எத்தனை கோல் போட்டோம் என்பதை அடுத்த வாரமே மறந்துவிடுவோம். யாரை அழைத்து வந்தோம் என்பதையே ஆண்டவர் நம்மிடம் கேட்பார்.