கோலார் பொன்வயலுக்கு வழி திறந்த லாவெல்

கோலார் தங்கச் சுரங்கம் என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது ஜான் டெய்லர் கம்பெனியின் பெயரே. ஆயின் அக்கம்பெனி 1880இல் மைசூர் மண்ணில் கால் வைக்குமுன்பே, தன்னந்தனியராய் அந்நிலத்தை நாடிச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர்.

லாவெல் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து, நியூசிலாந்தில் மவோரி மக்களோடு நடந்த போரில் ஈடுபட்டவர். பொன் தேடும் வேட்கை அங்குதான் அவரைப் பற்றியது. ஓய்வு பெற்றுப் பெங்களூர்க் கண்டோன்மெண்டில் வாழ்ந்த நாளில், பழைய கட்டுரையொன்று அவர் கண்ணில் பட்டது. எழுதியவர் ஜான் வாரன் என்னும் பட்டாள அதிகாரி. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் மைசூரின் எல்லையை அளக்கச் சென்ற வாரன், உரிகம், மாரிக்குப்பம் முதலிய சிற்றூர்களில் மக்கள் பொன்னெடுப்பதை நேரிற் கண்டார். ஆடவர் குறுகிய குழிகளில் இறங்கிக் கல்லை வெட்டி மேலேற்றுவர்; பெண்டிர் அதனை இடித்துத் தூளாக்கி, நீரில் அரித்துப் பொன்னைப் பிரிப்பர். இடையே வேறு சிலரும் முயன்று கைவிட்டனர்.

லாவெலோ 1871இல் மாட்டுவண்டி ஏறி, ஏறத்தாழ 60 மைல் சென்று, அப்பழைய குழிகளைத் தாமே பார்த்தார். படித்ததோடு நில்லாமல் வண்டி கட்டினாரே, அதுவே அவர் சிறப்பு என்பேன். 1873இல் அரசுக்கு மனுச் செய்தார். அந்நாளில் மைசூர் பிரிட்டிஷ் கமிஷனர் ஆட்சியில் இருந்தது. அரச குடும்பத்திடம் அது திரும்பியது 1881இல்தான். 1875இல், 20 ஆண்டுக் காலத்துக்குத் தோண்டும் உரிமை லாவெலுக்குக் கிடைத்தது.

உரிமை கிடைத்தது, பொருள்தான் இல்லை. கோலாரின் பொன் ஆற்று மணலில் வாரி எடுப்பதன்று. கடும் பாறையினூடே மெல்லிய நரம்பாய் ஓடும் வெண்கல்லில் அடங்கியது அது. பாறையைப் பிளக்க வெடிமருந்து வேண்டும். ஊறும் நீரை இறைக்கப் பம்பு வேண்டும். கல்லை இடிக்க ஆலை வேண்டும். ஒரு முன்னாள் சிப்பாயின் கைப்பணம் இவற்றுக்கு எம்மட்டு? 1877இல் பெரஸ்போர்டு என்னும் இராணுவ அதிகாரியும் அவர் கூட்டாளிகளும் அவ்வுரிமையை ஏற்றனர். அவர்களுக்குப் பின் டெய்லர் கம்பெனி வந்தது.

அதற்கும் எளிதில் பலன் கிட்டவில்லை. மூலதனம் கரைந்து, மூடிவிடலாமா என்னும் நிலை வந்தபோது, பிளம்மர் என்னும் சுரங்க அதிகாரி ஊரார் முன்னாளில் தோண்டிவிட்ட குழிகளுக்கு அடியிலேயே மேலும் ஆழமாய்த் தோண்டச் செய்தார். சாம்பியன் என்னும் பெரும் பொன்னரம்பு அங்கேதான் அகப்பட்டது. லாவெல் நாடிச் சென்றதும் அந்தக் குழிகளைத்தானே!

பின்னர் நடந்தது பலரும் அறிந்தது. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 90 மைல் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொணர்ந்தனர். குழிகள் 10,000 அடிக்கும் கீழே இறங்கின. அவற்றுள் இறங்கியோரில் மிகப் பலர் தமிழர். வட ஆற்காடு, சேலம் மாவட்டத்தார். மலாயாத் தோட்டங்களுக்கும் அதே மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்ததை நம் முதியோர் அறிவர். அங்கும் லைன் வீடுகள், அங்கும் தமிழ்ப் பள்ளிகள். ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும் விபத்து மட்டும் நம் தோட்டங்கள் அறியாதது; அதில் மாண்டோர் பலர்.

பெங்களூரில் லாவெல் பெயரால் ஒரு சாலை உள்ளது. சுரங்கம் 2001 பெப்ருவரி 28இல் மூடப்பட்டது. அரைத்துப் பொன்னெடுத்த பின் கொட்டிய மண், குன்றுகளாய் அந்நகரில் இன்றும் நிற்கிறது.