பட்டறைத் தூசும் பிள்ளையின் கவனமும்

பனியனுக்குப் பேர்போன திருப்பூரில், அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர்போனது. இரண்டு தொழிலிலும் பாடுபடும் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: “ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறான், சொன்னது காதுல ஏறறதே இல்லை.” சேட்டை என்று நினைத்து அடிக்கிறோம். அது ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறாகவும் இருக்கலாம். கோவை மாவட்டத்தில் 770 தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, 11 சதவீதத்தினரிடம் இதைக் கண்டது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல்.

ஏ.டி.எச்.டி.க்கு மூளை அழற்சி காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள். இது மூளைக்காய்ச்சல் அல்ல. மூளையைக் காக்கும் மைக்ரோக்ளியா செல்கள் அளவுமீறித் தூண்டப்பட்டு, சைட்டோகைன்கள் எனும் அழற்சிப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும் நிலை. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் ஏ.டி.எச்.டி. அதிகம் தென்படுவதால் இந்த ஐயம் வலுக்கிறது. ஆனால் நிரூபணமாகவில்லை. ஸ்வீடனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், கர்ப்பத்தின்போது தொற்றுக்கு ஆளான தாய்மாரின் பிள்ளைகளிடம் இக்கோளாறு இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டதும் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆகவே, “மாசமா இருந்தப்ப உனக்குக் காய்ச்சல் வந்ததாலதான்” என்று மருமகளைக் குத்திக்காட்டுவது அநியாயம். மூளை அழற்சியைத் தணித்து இதைக் குணமாக்கும் என்று விற்கும் பொடிகளுக்கும் ஆதாரம் கிடையாது. அதில் கூலிக் காசைக் கரைக்காதீர்கள்.

பாத்திரப் பட்டறைக்காரர்கள் அஞ்ச வேண்டியது காரீயத்துக்குத்தான். பழைய பித்தளையில் அது கலந்திருந்தால், உருக்கும்போதும் மெருகேற்றும்போதும் புகையாகவும் தூசாகவும் கிளம்பும். விலங்குகளிடம் அது மைக்ரோக்ளியாவைத் தூண்டி அழற்சி உண்டாக்குவதைக் கண்டிருக்கிறார்கள். குழந்தைகளின் கவனத்தைக் கெடுப்பதும் தெரிந்ததே. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்கச் சொல்கிறது. வேலைத்துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். பட்டறையை ஒட்டிய வீடானால் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும், ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பரிசோதிக்கும் குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு; அங்கிருந்து மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, இது பெரிய குறை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அந்த வகையில் சான்றிதழ் கேட்கலாம்.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. “டி.சி. வாங்கிக்கோங்க” என்று சொன்னால் வாங்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்; மனநல ஆலோசனைக்கு 14416.