பீரோவுக்குள் பனி பெய்யுமா?

சுரக்குடியில் ஒரு குடும்பம் தன் நிலத்தை விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் முதலில் கேட்பது மூலப் பத்திரத்தைத்தான். காரைக்கால் பகுதி 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. ஆகவே அந்தப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் நொத்தேர் எழுதியதாகவும் இருக்கலாம். அது வக்கீல் அலுவலகத்து இரும்பு பீரோவில், கேஸ் கட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. சாவி குமாஸ்தாவிடம். திருடன் வரமாட்டான். ஆனால் நீராவிக்குச் சாவி தேவையில்லையே!

கார்த்திகை மாதத்துக் கடலோரக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதம் எனில், அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 25 டிகிரி. மழையில் நனைந்த வெளிச்சுவர் இரவில் அதற்கும் கீழே குளிரக்கூடும். சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகும் உடன் குளிரும். குளிர்ந்த பானம் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதேபோல் பீரோவின் உட்புறமும் வியர்க்கும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது எத்தனை எளிய மருந்து!

காகிதம் செல்லுலோஸால் ஆனது. நீர் மூலக்கூறுகளைத் தானே இழுத்துக்கொள்ளும். ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். பழைய மையும் ஒரு எதிரி. மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையில் அமிலம் உண்டு. ஈரம் பட்டால் அது எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டையாக்கிவிடும். இதற்கு அஞ்சிப் பத்திரத்தை லேமினேஷன் செய்கிறார்கள். செய்யாதீர்கள், அமிலமும் உள்ளேயே அடைபடும், பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்கவும் முடியாது.

அப்படியானால் என்ன வழி? பிரெஞ்சு அரசு 1776-லேயே ஒரு வழி கண்டது. குடியேற்ற நாடுகளின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கும் நொத்தேர் பத்திரங்களுக்கும் பிரதி எழுதி வெர்சேல்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டது. காரைக்கால் பதிவேடுகளின் பிரதிகள் இன்றும் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே புயல் இரண்டு ஊரையும் நனைக்காது!

இன்று பிரதி எடுக்கக் கப்பல் வேண்டாம்; ஸ்கேனர் போதும். ஆனால் பிரதி இருக்கும் பென்டிரைவை அதே பீரோவில் வைத்தால் என்ன பயன்? மேலும் பென்டிரைவ் செய்தியை மின்னூட்டமாகத்தான் வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது மெல்லக் கசியும். வெப்பத்தில் விரைவாகக் கசியும். அவ்வப்போது சோதித்துப் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும், வேறு ஊரிலும் ஒன்று இருக்க வேண்டும். பிரதி பெருகினால் பார்க்கும் கண்களும் பெருகுமே என்பீர்கள். உண்மைதான். கட்சிக்காரரின் ரகசியம் காக்க, வெளியே போகும் பிரதியை மறையீடு செய்தே அனுப்ப வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. காகிதத்தில் 2 மாவை 12 மா ஆக்கினால் திருத்திய தடம் தெரியும். கணினிக் கோப்பில் தடம் ஏது? இங்கே கணிதம் உதவுகிறது. எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்குமுறை எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகளாகச் சுருக்குகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் குறிவரிசை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்துடன் தரும் சான்றிதழில் இந்த மதிப்பையும் குறிக்க வேண்டும். குமாஸ்தா அதைக் கையால் ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த நோட்டையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைக்க வேண்டும்.