செவிக்கும் ஒரு தலைப்பு

பெரிய எழுத்தெல்லாம் தலைப்பாகுமா? மின்னஞ்சலை அமைக்கும் எச்.ரி.எம்.எல். மொழியில் எச்1 முதல் எச்6 வரை ஆறு தலைப்புக் குறிகள் உள. மின்னஞ்சற் செயலிகள் அவற்றைச் சூழத் தத்தம் விருப்பப்படி இடைவெளி விடுவதால், அமைப்போர் பலர் குறியைக் கைவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்குகின்றனர்.

கண்ணுக்கு அது போதும். விழிப்புலனற்றோரோ, திரையிலுள்ளதைப் படித்துரைக்கும் மென்பொருளின் துணைகொண்டு செவியால் வாசிக்கின்றனர். ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகின்றனர். குறியற்ற தலைப்பு அம்மென்பொருளுக்கு வெறும் வரியே. ஆதலின், வேண்டிய செய்தியைத் தேடி மடல் முழுவதையும் அவர்கள் கேட்க நேர்கின்றது.

பரிகாரம் எளிது. குறியை இட்டு, எழுத்தின் அளவு, வரியுயரம், புற இடைவெளி ஆகியவற்றை அக்குறியினுள்ளேயே விதித்துவிடல் வேண்டும். மடலுக்கு ஓர் எச்1, பகுதிகளுக்கு எச்2 எனப் படிமுறை பேணினால், கண்ணுக்கும் செவிக்கும் அம்மடல் ஒருங்கே வழிகாட்டும்.