ரிட்டயர் ஆன பிறகு எந்த ஊர்? 20,000 ரூபாயை வைத்து ஒரு கணக்கு

"சென்னையில இனிமே முடியாது. செலவு கம்மியான ஊர் எது?" 60 வயதை நெருங்குகிற நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பதிலும் உடனே வந்துவிடும். ஒருவர் தென்காசி என்பார், இன்னொருவர் கும்பகோணம், மூன்றாமவர் "கோயம்புத்தூர் பக்கம் போயிடுங்க, கிளைமேட் பிரமாதம்" என்பார். எல்லாம் அவரவர் போய் இரண்டு நாள் தங்கிய அனுபவம். இரண்டு நாள் தங்க நல்ல ஊரும் 25 வருடம் வாழ நல்ல ஊரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

நான் பொருளாதார நிபுணர் கிடையாது. பி.இ. படித்துவிட்டு சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எங்க அக்காவும் மாமாவும் இதே கேள்வியைக் கேட்டதால், சில வாரக்கடைசிகளை இதில் செலவழித்தேன். அவர்களுடைய எண்களை அவர்கள் அனுமதியோடு, கொஞ்சம் முழுமையாக்கி இங்கே தருகிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

கையில் என்ன இருக்கிறது?

மாமாவுக்கு 61 வயது, அக்காவுக்கு 56. மாமா தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 42 லட்சம். சொந்த வீடு கிடையாது. இ.பி.எஃப்.ஓ. பென்ஷன் மாதம் 4,500 ரூபாய். 30 வருடம் உழைத்தவருக்கு இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பென்ஷன் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2014 செப்டம்பருக்கு முன்னால் அது 6,500. அதனால் தனியார் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பென்ஷன் மளிகைச் செலவுக்கே பற்றாது. வருடா வருடம் ஏறவும் ஏறாது.

மீதியை வட்டியில்தான் பார்க்க வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம் (2023 ஏப்ரலுக்கு முன் 15 லட்சம்தான்). 8.2 சதவீத வட்டி, 5 வருடத்துக்கு மாறாது. 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. பென்ஷனோடு சேர்த்து 25,000. மிச்சம் 12 லட்சம் வங்கி டெபாசிட்டில், 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை மட்டும் அவர்கள் மகள் கட்டுகிறாள்.

சென்னையில் அவர்கள் கொடுக்கிற வாடகை 16,000. மாதம் 25,000-இல் வாடகை போக மிஞ்சுவது 9,000. ஆக, ஊர் மாறுவது ஆசைக்காக இல்லை, வேறு வழி இல்லாததால்.

5,000 ரூபாயின் விலை 8 வருடம்

"மாசம் 25,000 வருது, 25,000-க்குள்ள வாழற ஊரா பாத்தா போதுமே" என்றார் மாமா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமானம் அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரண்டு மடங்கு.

எக்செல்லில் வருடவாரியாகப் போட்டேன். வருமானம் வருடம் 3 லட்சம், மாறாது. செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. மிஞ்சினால் அந்த 12 லட்சத்தோடு சேர்கிறது, பற்றாவிட்டால் அதிலிருந்து எடுக்கிறோம். சேமிப்புத் திட்டத்தைப் புதுப்பிக்கும்போதும் இதே வட்டி கிடைக்கும் என்பது என் அனுமானம்.

மாதம் 25,000 செலவில் தொடங்கினால் 15ஆம் வருடத்தில் அந்த 12 லட்சமும் அதன் வட்டியும் காலி. மாமாவுக்கு அப்போது 75 வயது, அக்காவுக்கு 70.

மாதம் 20,000-இல் தொடங்கினால் முதல் நாலு வருடம் மிச்சம் விழுகிறது. டெபாசிட் 12ஆம் வருடத்தில் 23 லட்சத்தைத் தொட்டு, பிறகு மெதுவாகக் கரைந்து, 23ஆம் வருடத்தில்தான் தீர்கிறது. அதாவது தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் குறைவது 8 வருடத்தை வாங்கித் தருகிறது. இரண்டு கணக்கிலும் அதற்கப்புறம்தான் 30 லட்சத்தின் முதலில் கைவைக்க வேண்டும். 60-ஐத் தொட்டவர்கள் நம் நாட்டில் சராசரியாக இன்னும் 18 வருடம் போல வாழ்கிறார்கள். சராசரிதானே, பாதிப்பேர் அதைத் தாண்டுவார்கள். ஆகவே இந்த 8 வருடம் சும்மா இல்லை.

இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். 20,000 கணக்கில், 10ஆம் வருடம் காப்பீட்டுக்கு மேல் கைக்காசு 5 லட்சம் ஆஸ்பத்திரிக்குப் போனால்? 21ஆம் வருடத்தில் தீர்கிறது. குறைந்தது 2 வருடம்தான். எல்லாரும் பயப்படுகிற பெரிய பில்லைவிட, யாரும் கவனிக்காத மாதாந்திர 5,000 அதிகம் தின்கிறது.

20,000 எப்படிப் பிரிகிறது

வாடகை 7,500. மளிகை, காய்கறி, பால், கேஸ் 7,000. கரண்ட், போன், கேபிள் 1,200. மருந்து மாத்திரை 1,800. போக்குவரத்து 1,000. நல்லது கெட்டதுக்கு 1,500.

இதில் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவது இரண்டே வரிகள். ஒன்று வாடகை, அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று போக்குவரத்து, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஊருக்கு வெளியே புது நகரில் 6,000-க்கு வீடு கிடைக்கும். ஆனால் பால் வாங்க வண்டி, மாத்திரை வாங்க வண்டி. மாமா ஸ்கூட்டர் ஓட்டுகிற வரை கவலை இல்லை. அவர் நிறுத்திய அடுத்த நாளிலிருந்து எல்லாம் ஆட்டோ. போக வர 150 ரூபாய், மாதம் 15 தடவை என்றால் 2,250. வாடகையில் மிச்சம் பிடித்த 1,500 போய், மேலே 750 கூடுகிறது.

வாடகைக்குப் பதில் ஒத்திக்கு எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 8 லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லை. ஆனால் அந்த 8 லட்சம் 7 சதவீதத்தில் மாதம் 4,600-க்கு மேல் சம்பாதிக்கும். அதுதான் உண்மையான வாடகை. வாடகையைவிடக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 லட்சத்தில் 8 லட்சம் ஒரு வீட்டுக்காரர் கையில் மாட்டியிருக்கும். அவசரத்துக்கு அது வராது.

யாருக்காக ஊர் பார்க்கிறோம்?

இந்த இடத்தில்தான் என் அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். 61 வயதில் இரண்டு பேராக, வண்டி ஓட்டிக்கொண்டு வாழ ஊர் பார்ப்பது சுலபம். அந்த வயதில் எந்த ஊரும் நல்ல ஊர்தான். சிரமம் 78-இல் வரும், அதுவும் இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது.

நம் வீடுகளில் மனைவி கணவரைவிட நாலைந்து வயது சின்னவர். பெண்கள் சராசரியாக ஆயுளும் அதிகம். ஆகவே கடைசி வருடங்களில் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் அக்காவாகத்தான் இருக்கும். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் கணக்குப் போட முடியாது. அப்போது பென்ஷன் பாதியாகி 2,250 ஆகிவிடும். செலவு பாதியாகாது, ஏனென்றால் வாடகை பாதியாகாது. அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஊரை முடிவு செய்ய உட்கார்ந்தது மாமாவும் நானும்!

இதைப் பேசியபோது மாமா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "சரி தம்பி, அவளுக்கு எது சரியோ அதைப் பாரு" என்றார். அக்காவிடம் கேட்டதற்கு அவள் சொன்னது ஒரு வரிதான்: "நடந்து போய் காய் வாங்கற மாதிரி இருக்கணும்டா, யாரையும் எதிர்பார்க்காம." என் இரண்டு வார ஆராய்ச்சியில் இல்லாத அளவுகோல் அது.

பிறகு கேள்விகள் நாலாகச் சுருங்கின.

1. வீட்டிலிருந்து 10 நிமிட நடையில் காய்கறி, பால், மருந்துக்கடை, டவுன் பஸ் நிறுத்தம் இருக்கிறதா? 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் அக்காவின் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய பூஜ்யம்.
2. ராத்திரி 2 மணிக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தால், அதைப் பார்க்கக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி அரை மணி நேரத்துக்குள் இருக்கிறதா? பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதில் அடக்கம்.
3. மே மாதம் தண்ணீர் வருமா? நவம்பரில் தெருவில் தண்ணீர் நிற்குமா?
4. மகள் பெங்களூரில் இருக்கிறாள். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வந்து இறங்க முடியுமா?

ஊர்களைப் பார்ப்போம்

கொடைக்கானல். மாமாவின் முதல் ஆசை. மதுரை 120 கிலோமீட்டர் போல, அதில் பாதி மலைப்பாதை. இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிட்டது. மேடு பள்ளத்தில் முட்டிவலியோடு நடப்பது தனிக் கதை.

தென்காசி. ஜூன் மாதச் சாரலுக்கு ஈடு கிடையாது. 2019 நவம்பரில் தனி மாவட்டமானது, தலைமை மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி என்றால் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும், 55 கிலோமீட்டர் போல. சென்னைக்குப் பொதிகை இருக்கிறது, பெங்களூருக்கு அந்த வசதி இல்லை.

காரைக்குடி. சம்பை ஊற்றுத் தண்ணீர், அகலமான தெருக்கள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டுமென்றால் புதுக்கோட்டை அல்லது சிவகங்கை, இரண்டுமே 40 கிலோமீட்டருக்குக் குறையாது.

திண்டுக்கல். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இங்கே. ரயிலுக்கும் பஞ்சமில்லை. தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பழைய பேர் உள்ள ஊர், ஏரியா பார்த்துத்தான் வீடு எடுக்க வேண்டும்.

கும்பகோணம். நடப்பவர்களுக்கென்றே கட்டிய ஊர் மாதிரி. சமதளம், எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில். முதல் கேள்விக்கு நூற்றுக்கு நூறு. தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு, ஆனால் மருத்துவக் கல்லூரிக்குத் தஞ்சாவூர் வர 40 கிலோமீட்டர். 2028-இல் மகாமகம் வேறு.

தஞ்சாவூர். மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே. பெங்களூர் வழியாக வரும் மைசூர் ரயில் (முன்பு மயிலாடுதுறை வரை, இப்போது கடலூர் துறைமுகம் வரை) ராத்திரி ஏறினால் காலையில் இறக்கிவிடும். மேலும் பெரிய சிகிச்சைக்குத் திருச்சி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குறை என்றால் வெயில், ஐப்பசி கார்த்திகை மழை. புறநகர் விரிவாக்கங்களில் பஸ் குறைவு, நிழலும் குறைவு. ஆகவே ஊர் சரி, தெருவைத்தான் தேட வேண்டும்.

அவர்கள் தஞ்சாவூரில் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில் தரைத்தள வீடு எடுத்தார்கள். வாடகை 8,000, பட்ஜெட்டைவிட 500 அதிகம். கொஞ்சம் தள்ளி 6,500-க்கே ஒன்று கிடைத்தது. கடைத்தெரு நடக்கும் தூரத்தில் இல்லை என்று அக்கா வேண்டாமென்றுவிட்டாள். அந்த 500-ஐ நல்லது கெட்டது கணக்கில் குறைத்துக்கொள்வதாக ஏற்பாடு. 11 மாத ஒப்பந்தம். பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். வீடு வாங்கியிருந்தால் அந்தச் சுதந்திரம் போயிருக்கும், 42 லட்சத்தில் முக்கால்வாசி சுவராக மாறியிருக்கும்.

நீங்கள் தேடுவதாக இருந்தால்

உங்களுக்குத் தஞ்சாவூர் சரியாக வராமல் போகலாம். பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் இருந்தால் நாகர்கோவில் முதலிடம் பிடிக்கும். சொந்த ஊரில் அண்ணன் தம்பி வீடு பக்கத்தில் இருந்தால் என் நாலு கேள்விகளில் இரண்டு அடிபட்டுப் போகும்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். மனதில் இருக்கிற ஊரில், குளிர்ந்த ஜனவரியை விட்டுவிட்டு, மே மாதத்தில் ஒரு வாரம் வாடகை வீட்டிலோ லாட்ஜிலோ தங்குங்கள். வண்டியைத் தொடாதீர்கள், ஆட்டோ பிடிக்காதீர்கள். கோயில் குளம் பார்க்கப் போகாமல், பால் வாங்கி, காய் வாங்கி, மருந்துக்கடைக்கு நடந்து, டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்புங்கள். தம்பதியாக இருந்தால் ஒரு நாள் முழுக்க உங்களில் வயது குறைந்தவர் மட்டும் இதையெல்லாம் தனியாகச் செய்யட்டும். அவர் சாயங்காலம் வந்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். வாடகையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.