உத்திரமேரூர் வயலுக்குக் காவிரித் தண்ணீர் வருவதில்லை... போனில் மட்டும் ஏன் காவிரிச் சண்டை?

குடவோலைக் கல்வெட்டுக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூர் வட்டாரத்தில் விவசாயம் ஏரிகளை நம்பித்தான் நடக்கிறது. காவிரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இங்கு வருவதில்லை. ஆனால், காவிரிப் பிரச்னை சூடுபிடித்தால் கன்னடர்களைத் திட்டும் மீம்கள் இந்த ஊர் செல்போன்களுக்கும் வந்துவிடும். அந்தப் பக்கம் தமிழர்களைத் திட்டும் மீம்கள் சுற்றும். 'சும்மா ஜாலிக்குத்தானே' என்று ஃபார்வேர்டு செய்பவர்கள் 2016 செப்டம்பரை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

பதிவில் தொடங்கி பஸ் எரிப்பு வரை!

தமிழகத்துக்குத் தினமும் 15,000 கன அடி தண்ணீர் திறக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது. அதில் கலந்துகொண்ட கன்னட நடிகர்களைக் கிண்டலடித்து ஃபேஸ்புக்கில் பதிவிட்ட தமிழ் இளைஞர் ஒருவரை, பெங்களூரில் ஒரு கும்பல் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்கவைத்தது. அந்த வீடியோ தமிழ்நாட்டில் பரவ, ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார். அந்த வீடியோ பெங்களூருக்குப் போனது.

செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகத் தனியார் பஸ்கள் பணிமனையில் நின்றபடியே கொத்துக் கொத்தாக எரிந்தன. 144 தடை உத்தரவு, ஊரடங்கு, துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு என நகரமே முடங்கியது. மீம் போட்டவர்கள் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். அங்கே வேலைக்குப் போயிருந்த பிள்ளைகளும், வண்டி ஓட்டிப் போன டிரைவர்களும்தான் பயந்து நடுங்கினார்கள்.

2025 மே மாதம், 'தக் லைஃப்' பட விழாவில் 'தமிழிலிருந்து பிறந்ததுதான் கன்னடம்' என்று கமல்ஹாசன் பேசியதும் மறுபடி இணையச் சண்டை. ஜூன் 5 அன்று அந்தப் படம் கர்நாடகத்தில் மட்டும் வெளியாகவில்லை.

ஜப்பான் - கொரியாவிலும் இதே கதை!

1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்டது ஜப்பான். அந்த வலியும், ஒரு தீவு யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் இணையத்திலும் தொடர்கின்றன. 2010 குளிர்கால ஒலிம்பிக் ஸ்கேட்டிங்கில் கொரியாவின் கிம் யூனா தங்கமும், ஜப்பானின் மாவோ அசாதா வெள்ளியும் வென்றார்கள். இருதரப்பு ரசிகர்களின் வாய்ச்சண்டை முற்றி, அந்த மார்ச் 1 அன்று கொரிய இணையவாசிகள் திரண்டு ஜப்பானின் '2சேனல்' தளத்தையே முடக்கினார்கள்.

ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கார் தயாரிக்கிறது. சற்றுத் தள்ளி, வல்லம் வடகாலில் ஜப்பானின் யமஹா பைக் தயாரிக்கிறது. பிழைப்பு என்று வரும்போது அக்கம்பக்கத்தில் இருக்க முடிகிறது!

பெற்றோர் கவனத்துக்கு...

மொழி, இனத்தின் பெயரால் பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196-வது பிரிவின்படி குற்றம். போனில் பரப்பினாலும் பொருந்தும். மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். பாலாறு பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். காஞ்சிப் பட்டுக்கான கச்சாப் பட்டு காலங்காலமாக வருவதும் கர்நாடகத்திலிருந்துதான். அந்தப் பட்டை நெய்து பிழைக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. தண்ணீருக்கான நியாயத்தை நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்காக, நூல் அனுப்புபவரைத் திட்டத் தேவையில்லையே!