வாகன நிறுத்துமிட மோதல்களும் தடுப்பு முறைகளும்

சாலை விபத்து என்றவுடன் நெடுஞ்சாலையும் மிதமிஞ்சிய வேகமுமே நினைவுக்கு வருகின்றன. 2022ஆம் ஆண்டில் நாட்டில் நேர்ந்த 4,61,312 சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. இப்பேரிழப்பின் முன், அங்காடி வளாகங்களிலும் மருத்துவமனை முற்றங்களிலும் வாகனங்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்வது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பின்னோக்கி வரும் காரின் பாதையில் இருப்பது எப்போதும் மற்றொரு காராகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அது ஒரு குழந்தையாகவும் இருக்கக்கூடும்.

கணக்கில் வராத இழப்பு

இத்தகைய மோதல்களில் பல எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறுவதில்லை. காயம் ஏற்படாதபோது இரு தரப்பினரும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்கின்றனர். காப்பீட்டு முறையும் இதற்கு ஒரு காரணமாகும். சொந்தச் சேதக் காப்பீட்டில் இழப்பீடு கோராத முதலாண்டின் முடிவில் 20 சதவிகிதமும், தொடர்ந்து ஐந்தாண்டுகள் கோராதிருந்தால் 50 சதவிகிதமும் கட்டணத் தள்ளுபடி கிடைக்கிறது. ஒருமுறை கோரினாலும் அச்சலுகை பறிபோகும் என்பதால், சிறு சேதத்தை உரிமையாளர் தம் கைப்பொருளைக் கொண்டே சரிசெய்துகொள்கிறார். இது அவருக்கு இலாபகரமான முடிவே. ஆனால் சமுதாயத்தின் மொத்த இழப்பு அளவிடப்படாமலும், அதனாலேயே கவனிக்கப்படாமலும் போகிறது.

இடமும் வேகமும்

2007ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ‘தில்லிப் பெருந்திட்டம் 2021’, ஒரு காருக்குத் திறந்த வெளியில் 23 சதுர மீட்டரும், தரைத்தளத்தில் 28 சதுர மீட்டரும், நிலவறையில் 32 சதுர மீட்டரும் வேண்டுமெனக் கணக்கிட்டது. நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய கார் அடைத்துக்கொள்ளும் பரப்போ ஏறத்தாழ 7 சதுர மீட்டர்தான். எஞ்சிய பரப்பு கதவைத் திறக்கவும், திரும்பவும், வந்து போகவும் உரியது. அப்பரப்பில் மற்றொரு வரிசையை நிறுத்தும்போது நிர்வாகத்தின் வருவாய் உயர்கிறது. மோதலின் செலவை வாகன உரிமையாளர்கள் ஏற்கின்றனர்.

வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 5.6 மீட்டர் கடக்கிறது. இது ஒரு காரின் நீளத்தினும் அதிகமாகும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் இத்தொலைவு கடந்துவிடும். 5 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு விநாடியில் கடப்பது 1.4 மீட்டர் மட்டுமே. எனவே நிறுத்துமிடத்திற்கு ஏற்றது நடை வேகமே.

பின்னோக்கி நிறுத்துதல்

மோதலைத் தவிர்க்கும் எளிய வழி, நிறுத்தும்போதே காரைப் பின்னோக்கிச் செலுத்தி, முகப்பு வெளிப்புறம் நோக்குமாறு நிறுத்துவதாகும். இடத்தைக் கடந்து வந்தபின் பின்னோக்கிச் செல்லும் ஓட்டுநர், அது காலியாக இருப்பதை முன்பே கண்டிருப்பார். புறப்படும்போது பாதை அவர் கண்முன் இருக்கும். முகப்பை உள்ளே நுழைத்து நிறுத்தியவரோ, இருபுறமும் உயரமான வாகனங்கள் மறைத்திருக்க, காரின் பின்பகுதி பாதைக்குள் நீண்ட பிறகே வருவோரைக் காண முடியும். எதிரெதிர் வரிசைகளிலிருந்து இருவர் ஒரே நேரத்தில் பின்னோக்கி எடுப்பதும் மோதலுக்குக் காரணமாகிறது. சாய்வாகக் கோடிடப்பட்ட ஒருவழி நிறுத்துமிடங்களில் மட்டும் குறியீட்டின்படியே நிறுத்த வேண்டும்.

2019 ஜூலை முதல் தயாரிக்கப்படும் கார்களில் பின்புற உணர்கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எனினும் தாழ்வான தடையையும் மெல்லிய கம்பத்தையும் அது உணரத் தவறலாம். பழைய கார்களில் அக்கருவி இல்லாமலும் இருக்கலாம். பின்கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தென்படாது. ஆகவே ஏறுமுன் காரை ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பது இன்றியமையாததாகும்.

கைப்பிரேக்கும் சட்டமும்

தில்லியின் நெரிசலான பகுதிகளில், குறுக்கே நிறுத்திய காரைப் பிறர் தள்ளி நகர்த்துவதற்காகக் கைப்பிரேக்கைப் போடாமலும் கியரை நடுநிலையிலும் விட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. பிறருக்கு உதவுவதாகத் தோன்றும் இவ்வழக்கம் சிறு சரிவிலும் ஆபத்தானது. பொது இடத்தில் வாகனத்தை விட்டுச் செல்பவர் இயந்திரத்தை நிறுத்திப் பிரேக்கைப் போட வேண்டும், அல்லது வாகனம் தானே நகராதபடி வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவு விதிக்கிறது. அச்சட்டத்தின்படி, பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள இடம் சாலையாக இல்லாவிடினும் பொது இடமே. விபத்தில் எவரேனும் காயமுற்றாலோ, பிறர் உடைமை சேதமுற்றாலோ, காவலர் அங்கில்லாதபோது 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்குமாறு 134ஆவது பிரிவு பணிக்கிறது. நிற்கும் காரை இடித்துவிட்டு உரிமையாளர் வருமுன் அகன்றுவிடுவது ஏற்கத்தக்கதன்று.

நிர்வாகத்தின் கடமை

ஓட்டுநரின் கவனம் மட்டும் போதாது. ஒருவழி அம்புக்குறிகள், திருப்பங்களில் குவியாடிகள், நிலவறைகளில் போதிய வெளிச்சம், நடப்போருக்குத் தனிப்பாதை ஆகியவற்றை நிறுத்துமிட ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாகவே உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கலாம். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் வாகனங்களை ஏற்பதைத் தடுப்பதும் அவற்றின் பொறுப்பாகும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிதே. காரைச் சுற்றிப் பார்க்க ஓட்டுநருக்குத் தேவைப்படுவதும் அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் ஒரு குழந்தையின் உயிர் காக்கப்படலாம்.